பத்தாமவள்

சாஃப்ட்பால் ஆடக் களத்தில் ஒன்பது பேர் வேண்டும். எங்கள் குழுவில் நாங்கள் பத்துப் பேர். பத்தாமவள் மட்டையைத் தொட்டவளல்லள். சிறுவயதில் முறிந்த கை சரியாகக் கூடவில்லை. ஆயினும் மாலைதோறும் மைதானத்திற்கு வந்துவிடுவாள், கையில் ஒரு நீள நோட்டுடன். யார் எத்தனை ஓட்டம் எடுத்தோம், யார் பந்தைத் தவறவிட்டோம், கையுறைகள் எத்தனை, பெற்றோரின் சம்மதக் கடிதத்தை இன்னும் கொண்டுவராதவர் யார் என்பதெல்லாம் அதில் இருக்கும். "ஆடாத பெண்ணுக்கு மைதானத்தில் என்ன வேலை?" என்று அவள் வீட்டில் கேட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம், நாங்களும் அவளைக் கேலி செய்ததுண்டு.

நாங்கள் ஒன்பதாம் வகுப்பிலிருந்தபோது, 2022 நவம்பரில், பழுதுபார்ப்பதற்காகக் காவிரிப் பாலத்தை மூடினார்கள். 2023 மார்ச்சில்தான் திறந்தார்கள். எங்களில் நால்வருக்கும் அவளுக்கும் வீடு ஸ்ரீரங்கத்தில். பேருந்துகள் நெடுஞ்சாலைப் பாலம் வழியே சுற்றிச் சென்றன. சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் திருச்சியில் போட்டி. மாற்று ஆட்டக்காரர் எவருமில்லை. ஒருத்தி வராவிட்டாலும் ஆட்டம் போயிற்று! அவளோ முதல் நாளே கடிகாரமும் கையுமாய்ப் பேருந்தில் போய்வந்து, ஆறு மணிக்கே கிளம்ப வேண்டும் என்று கணக்குச் சொன்னாள். இருட்டில் அனுப்ப மறுத்த ஒரு தோழியின் தந்தையாரிடம், "மாமா, நானும் கூடவே போகிறேன், கூடவே வருகிறேன்" என்று சொல்லிச் சம்மதம் வாங்கியவளும் அவளே. ஏழே முக்காலுக்கு ஒன்பது பேரும் களத்தில் நின்றோம். அன்று தோற்றோம் என்பது வேறு கதை. ஆடிய ஒன்பது பேருக்குச் சான்றிதழ் கிடைத்தது, அவளுக்கு இல்லை.

"இதெல்லாம் பெண்களுக்கு ஒரு தொழிலாகுமா?" என்று அவள் தந்தையார் கேட்டாராம். நூலக நேரத்தில் விடை தேடினோம். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவராக 2019-இல் திருமதி ரூபா குருநாத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார். இந்திய கிரிக்கெட் வாரியத்தைச் சேர்ந்த மாநிலச் சங்கம் ஒன்றுக்குப் பெண் தலைவரானது அதுவே முதல் முறை. 2021 வரை பொறுப்பிலிருந்தார். "அவர் தந்தையார் சீனிவாசனும் அங்கே தலைவராயிருந்தவராயிற்றே!" என்றாள் எங்களுள் ஒருத்தி. அதுவும் மெய்தான்.

எங்களைக் கவர்ந்தவர் அமெரிக்காவின் கிம் ஆங். சீன வம்சாவளியினர். கல்லூரியில் சாஃப்ட்பால் ஆடியவர். 1990-இல் சிகாகோ வைட் சாக்ஸ் என்னும் பேஸ்பால் அணியின் அலுவலகத்தில் வேலை பழகச் சேர்ந்தார். அங்கே ஆட்டக்காரரின் சம்பளத்தில் தகராறு வந்தால், இரு தரப்பும் நடுவர் முன் புள்ளிவிவரங்களோடு வாதாட வேண்டும். 1995-இல் ஒரு பந்துவீச்சாளரின் வழக்கில் அணிக்காக வாதாடி வென்றார். அப்படி வாதாடிய முதல் பெண் அவரே. எல்லாம் நோட்டுக் கணக்குத்தானே! 1998-இல் நியூயார்க் யாங்கீஸ் அணியின் உதவிப் பொது மேலாளரானார். ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுப்பது, ஒப்பந்தம் பேசுவது, அணிகளுக்குள் ஆள் மாற்றிக்கொள்வது எல்லாம் பொது மேலாளரின் பொறுப்பு. அந்த நாற்காலிக்கு 2005-லேயே அவரை நேர்காணலுக்கு அழைத்தார்கள். கிடைக்கவில்லை. பிறகும் பல அணிகள் அழைத்தன, கிடைக்கவில்லை. 2020 நவம்பரில்தான் மயாமி மார்லின்ஸ் அணி தந்தது. பெரும் லீக் பேஸ்பாலில் அப்பதவிக்கு வந்த முதல் பெண் அவரே. முப்பது ஆண்டுகள்! 2023-இல் அணியை இறுதிச் சுற்றுகளுக்குத் தகுதி பெறச் செய்துவிட்டு, நிர்வாகத்தோடு கருத்து ஒத்துவராமல் விலகினார். 2025-இல் பெண்களின் தொழில்முறை சாஃப்ட்பால் லீக் ஒன்றுக்கு ஆணையரானார். நம் ஆட்டம்!

இவற்றையெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அவள் தந்தையாரிடம் காட்டினோம். இரண்டு முறை படித்தார். "முப்பது வருஷம் பொறுக்கணுமா?" என்று மட்டும் கேட்டார். மறுநாளும் அவளை மைதானத்திற்கு அனுப்பினார்.

இவ்வாண்டோடு பள்ளியை விட்டுப் போகிறோம். குழுப்படம் எடுக்க வந்தபோது அவள் ஒதுங்கினாள். தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள்தாம் கைப்பிடித்து இழுத்து நிறுத்தினார்கள். இம்மலரில் அப்படம் அச்சாகிறது. இடக்கோடியில், விளையாட்டுச் சீருடையின்றி, நோட்டும் கையுமாக நிற்பவள் அவள்.