மோத்தியுடன் பழம்புனேயில் ஒரு நாள்

ஊர் பார்ப்பதற்கு ஏற்ற துணை யார் என்று கேட்டால், நாய் என்றே சொல்லுவேன். மனிதத் துணை கடிகாரத்தைப் பார்க்கும். வரலாறு கற்ற துணையாயின் நம்மைப் பேச விடாது. எங்கள் மோத்தியோ மூலைக்கு மூலை நின்று முகர்ந்த பின்னரே நகரும். ஆதலால் நாமும் நின்று பார்க்க நேருகிறது. முப்பத்திரண்டு ஆண்டுகள் புனேயில் வாழ்ந்தும் பேருந்துச் சாளரத்தின் வழியாக மட்டுமே கண்டிருந்த பழைய பேட்டைகளை, சென்ற மார்கழியில் ஒரு ஞாயிறன்று நான் காலால் அளந்தது இவ்வாறுதான்.

மோத்தி என் மகன் தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டி. மகன் இப்போது ஜெர்மனியில் இருக்கிறான். அடுத்த வீட்டு மராட்டியக் குழந்தைகளே அதைப் பழக்கியமையால் அதற்குத் தமிழ் தெரியாது. 'பஸ்' என்றால் உட்காரும் (வண்டி வருகிறதென்று எண்ண வேண்டா). 'தாம்ப்' என்றால் நிற்கும். 'சல்' என்றால் புறப்படும்.

என் மனத்தில் அன்று ஒரு பாரம் இருந்தது. "ஓய்வு பெற்றாயிற்றே தம்பி, வீட்டை விற்றுவிட்டு ஊரோடு வந்துவிடேன்" என்று தஞ்சையிலிருந்து என் தமக்கையார் பல மாதங்களாக வற்புறுத்தி வந்தார். விடை சொல்லாமலே நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

ராஸ்தா பேட்டையிலிருந்து காலை ஏழு மணிக்குப் புறப்பட்டுக் கஸ்பா கணபதி கோயிலை அடைந்தோம். இவ்வூரின் கிராம தெய்வம் இவரே. கணேச உற்சவ முடிவில், கரைப்பு ஊர்வலத்தில் முதல் மரியாதையும் இவருக்கே. நாயோடு உள்ளே செல்வது எங்ஙனம் என்று தயங்கி நின்றேன். பூ விற்கும் மூதாட்டி ஒருத்தி, "போய் வாருங்கள் காகா, நான் பிடித்துக்கொள்கிறேன்" என்று மராட்டியில் சொல்லிக் கயிற்றை வாங்கிக்கொண்டாள். நான் திரும்பி வந்தபோது, அவள் தன் காலை உணவான சோள பாக்ரியில் பாதியை மோத்தி தின்றுகொண்டிருந்தது. "ஞாயிறு கண்டோபாவின் நாள். அவர் நாய்க்குப் போட்டால் அவருக்கே போட்டது போல" என்றாள். ஜேஜுரிக் குன்றில் கோயில் கொண்ட கண்டோபாவுக்கு நாய் உற்ற துணை. நம் பைரவருக்கு நாய் வாகனமாக இருப்பதை நான் சொன்னதும் அவள் மகிழ்ந்து போனாள். அலுவலகம், ராஸ்தா பேட்டை, சங்கம் என்று மூன்று புள்ளிகளுக்குள் சுழலும் நம்மவர்க்கு இத்தகைய பேச்சு எளிதில் வாய்ப்பதில்லை.

அருகிலேயே லால் மஹால். ஷாஹாஜி போன்ஸ்லே 1630-களில் எழுப்பிய மாளிகை. சிவாஜி சிறுவனாக வளர்ந்த இடம். 1663-இல் அவர் இரவில் புகுந்து ஷயிஸ்தா கானின் விரல்களைத் துணித்த இடம். பழைய மாளிகை அழிந்துவிட்டது. இன்று நிற்பது மாநகராட்சி 1980-களில் கட்டியது. எனினும் என் எண்ணம் ஷாஹாஜியின் மற்றொரு மகனிடம் சென்றது. அவர்தாம் தஞ்சையை ஆண்ட ஏகோஜி. அவர் வழியினரின் ஆட்சி அங்கே 1855 வரை நீடித்தது. அவர்களுள் ஒருவரான இரண்டாம் சரபோஜி 1803-இல் போன்ஸ்லே குல வரலாற்றைப் பெரிய கோயில் மதிலில் மராட்டியில் பொறிக்கச் செய்தார். சிறுவயதில் அவ்வெழுத்துகளின் மேல் விரலை ஓட்டியிருக்கிறேன், ஒன்றும் விளங்காது. இன்று போனால் தட்டுத்தடுமாறியேனும் படித்துவிடுவேன். மராட்டியை வீட்டு மொழியாகக் கொண்ட குடும்பங்கள் இன்றும் தஞ்சையில் உள்ளன. அவர்களுக்கு ஊர் எது?

சனிவார் வாடாவுக்குள் நாய்க்கு அனுமதியில்லை என்றார் காவலர். ஆகவே வடக்கு நோக்கிய தில்லி வாயிலின் முன்னேயே நெடுநேரம் நின்றோம். யானைகள் முட்டித் திறவாதபடி கதவில் பதித்த இரும்பு முட்கள் இன்னும் கூர்மையாகவே இருக்கின்றன. முதலாம் பாஜிராவ் 1730-இல் அடிக்கல் நாட்டிய மாளிகையை 1828-ஆம் ஆண்டுத் தீ உண்டுவிட்டது. மதிலும் வாயில்களும் அடித்தளங்களுமே எஞ்சின. மோத்தி பேஷ்வாக்களைச் சிறிதும் பொருட்படுத்தாமல் மதிலடி நிழலில் உறங்கிற்று.

புதவார் பேட்டையில் தத்தாத்ரேயரையும் அவர் காலடியிலுள்ள நான்கு நாய்களையும் வெளியிலிருந்தே வணங்கிவிட்டு, 1886-இல் திறந்த மண்டைச் சந்தையில் கீரை வாங்கினேன். அங்கே மோத்தி படுத்துவிட்டது. "வா, கண்ணு" என்றேன். காது கூட அசையவில்லை. கீரைக்காரர் சிரித்துக்கொண்டே "சல்" என்றார்; எழுந்து நடந்தது.

அன்றிரவு தமக்கையாரைத் தொலைபேசியில் அழைத்தேன். "வீட்டை விற்கவில்லை, அக்கா. பொங்கலுக்கு மோத்தியோடு வந்து ஒரு மாதம் தங்குகிறேன்" என்றேன். சற்று நேரம் அவர் பேசவில்லை.

"அந்த நாயோடு இங்கே யாரடா மராட்டி பேசுவார்கள்?" என்றார் பிறகு.

"மேல வீதிப் பக்கம் விசாரித்து வையுங்கள்" என்றேன்.