செக்றோலில் விழுந்த பேர்

மலையகத் தோட்டங்களில் ஒருநாள் வேலைக்குப் 'பேர்' என்பது வழக்கு. வேலையை முடித்தவனுக்குப் பேர் விழும். குறை வைத்தவனுக்கு அரைப்பேர். மழையால் வேலை நின்றுபோனால் அதுவும் இல்லை. எமது தந்தையாரின் பேர், உக்குவளைப் பக்கத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றின் செக்றோலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக விழுந்துகொண்டிருந்தது. அவர் மறைந்த பின்னர் உடன்பிறந்தோராகிய நாங்கள் கூடும்போதெல்லாம் எமது பேச்சு அந்தப் பேரில்தான் வந்து நிற்கிறது.

அப்பா 1930இல் பிறந்தவர். விடியுமுன் எழுந்து, தேநீரும் முதல்நாள் ரொட்டித் துண்டும் உண்டு, பால்வெட்டும் கத்தியோடு மலையேறிவிடுவார். குளிர்ச்சியான வேளையில் வெட்டினால்தான் பால் நன்றாக ஒழுகும். வெயில் ஏறிவிட்டால் ஒழுக்கு விரைவில் அடங்கிவிடும். முந்நூறு மரங்கள் அவர் பங்கு. சீவிய வாயில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையிலிட்டு, பட்டையைச் சாய்வாக ஒரே இழுப்பில் சீவி, சிரட்டையை நிமிர்த்திவைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போகவேண்டும். கத்தி ஆழம் போதாவிட்டால் பால் குறையும். ஆழம் மிகுந்தாலோ மரம் காயப்பட்டு, புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகவே வளரும். அந்த இடைவெளி ஒரு நகத்தின் கனம்கூட இராது. “பட்டைக்கு உசிரு இருக்குடா, பாத்துக் கீறு” என்று மூத்த அண்ணனுக்கு அவர் சொல்லிக்கொடுத்தது இன்னும் எமது காதில் இருக்கிறது. இந்தத் தொழிலைக் கல்லாதார் செய்யும் வேலை என்று எழுதுவோரும் உளர். அவர்கள் ஒருநாள் அந்தக் கத்தியைப் பிடித்துப் பார்க்கலாம்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மரம் நனைந்தால் வெட்ட இயலாது. அந்நாட்களில் லயத்து வாசலில் கத்தியைத் தீட்டியபடி வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். அப்பா வீட்டிலிருக்கிறார் என்று நாங்கள் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சியின் விலை அன்றிரவு ரொட்டியின் அளவில் தெரிந்தது. அதுதான் விலை என்பது பின்னரே விளங்கிற்று.

1952 டிசம்பரில் இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்துகொண்டதை ஆசிரிய நண்பர்கள் வகுப்பில் கற்பித்திருப்பார்கள். கொரிய யுத்தம் உயர்த்திய இறப்பர் விலை சரிந்திருந்தது, அரிசிக்கோ தட்டுப்பாடு. ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பரை அனுப்பி, 2,70,000 தொன் அரிசி பெறுவது ஏற்பாடு. அந்த அரிசியை நாடு முழுவதும் உண்டது. அதற்கான பாலை வெட்டியவர்களுள் எமது அப்பாவும் ஒருவர். ஆனால் அதே ஆண்டு மே மாதம் நடந்த பொதுத் தேர்தலில், இருபத்தொரு வயது நிரம்பிய அவருக்கு வாக்கு இல்லை. 1947இல் எமது பாட்டனார் வாக்களித்திருந்தார். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டமும் அதன் பின் வந்த தேர்தற் சட்டத் திருத்தமும் பாட்டனாரையும் மகனையும் ஒருசேர நாடற்றவராக்கின.

1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று இரு அரசுகளும் கணக்கிட்டன. அந்தக் கணக்கு எங்கள் காம்பராவுக்குள்ளும் நுழைந்தது. அக்காவை மணமுடித்த குடும்பம் இந்தியாவுக்கு எழுதிக் கொடுத்திருந்தது. அப்பா இலங்கைக்கு எழுதியிருந்தார். 1973இல் அக்கா தலைமன்னார் வழியாகக் கப்பலேறினாள். மாத்தளைப் புகையிரத நிலையம்வரை அப்பா கூடச் சென்றார். மழையில்லாத நாளொன்றில் அவர் பேர் விழாமற் போனது, நாங்கள் அறிய, அன்று மட்டுமே.

இங்கே ஒன்றை மறைத்தல் தகாது. ஐந்தாம் வகுப்போடு அக்காவைப் பள்ளியிலிருந்து நிறுத்தியவரும் அப்பாவே. சிறியவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்றார். எங்களில் ஒருவர் ஆசிரியராகும்வரை படித்ததற்கு அப்பாவின் உழைப்பே காரணம் என்று ஊரார் சொல்வார்கள். அக்கா தூக்கிச் சுமந்த இடுப்பை யாரும் சொல்வதில்லை. அம்மாவும் அதே மலையில் புல்வெட்டியவர், பால்வெட்டியவர். பெண் என்பதால் கூலி குறைவு. 1984இல்தான் அந்த வேறுபாடு நீங்கிற்று. மாலையில் அப்பா உட்காருவார். அம்மா விறகோடு வருவார். கோத்தகிரியிலிருந்து அக்காவின் கடிதம் வரும்போதெல்லாம் அப்பா அதை இருமுறை வாசிக்கச் சொல்வார். மூன்றாம் முறை கேட்க அவருக்கு மனம் இருந்தது, கேட்கமாட்டார்.

அவருடைய விண்ணப்பம் ஆண்டுக்கணக்காக எங்கோ கிடந்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சத்தியக் கடதாசி கொடுத்த பின்னரே அவர் இந்நாட்டவரானார். அப்போது தோட்டத்திலிருந்து ஓய்வு பெறச் சில ஆண்டுகளே இருந்தன.

1994 ஓகஸ்ட் பொதுத் தேர்தலன்று, அறுபத்து நான்கு வயதில், முதன்முறையாக வாக்களிக்கச் சென்றார். பெரட்டுக்குப் போகும் பழக்கத்தில் விடியுமுன்பே எழுந்து, வெள்ளை வேட்டி உடுத்தி, கதவு திறக்குமுன் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றுவிட்டார். அம்மாவும் பின்னால் சென்றார். திரும்பி வந்தவரிடம் நாங்கள் என்னென்னவோ கேட்டோம். யாருக்கு வாக்களித்தார் என்பதைச் சொல்லவில்லை.

“எம் பேரைச் சத்தமா வாசிச்சாங்க” என்றார்.

அம்மாவின் பேரையும் வாசித்திருப்பார்கள். அவர் ஒன்றும் சொல்லாமல் அடுப்பு மூட்டப் போனார்.