குதிரை இலாயமும் எமது கொட்டிலும்

மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமெனச் செயலாளர் அன்பர் கேட்டபோது, தமிழாசிரியராகிய யாம் இலக்கியப் பொருளே எழுதுவோமென எண்ணியிருப்பார். யாமோ தரையைப் பற்றி, அதிலும் குதிரை நிற்கும் தரையைப் பற்றி எழுதப் புகுந்தோம். பொறுத்தருள்க.

சில ஆண்டுகளின் முன் பழைய மாணவர் சிலரோடு குறிகட்டுவானிற் படகேறி நெடுந்தீவு சென்றிருந்தோம். ஒல்லாந்தர் காலத்ததெனக் காட்டப்படும் குதிரை இலாயத்தின் பவளக்கல் தூண்கள் அங்கே வரிசையாக நிற்கின்றன, கூரை இல்லை. பழைய குதிரைகளின் வழிவந்தனவெனச் சொல்லப்படும் மட்டக் குதிரைகள் வெளியே, சுண்ணக்கல் நிலத்தில், கட்டுவாரின்றித் திரிகின்றன. நண்பர்கள் அவற்றைப் படம்பிடிக்க, யாம் தூண்களிடையே குனிந்து நிலத்தை நோக்கிக்கொண்டிருந்தோம். "என்ன மச்சான், காசு விழுந்திட்டுதா?" என்றார் ஒருவர்.

விழுந்தது காசன்று. 1990ஆம் ஆண்டு வீரமுனையிலிருந்து இடம்பெயர்ந்து, பின்னர் மீண்ட குடும்பம் எமது. பாட்டனாரின் கொட்டிலுக்கு மண்தரையே இருந்தது. யாம் உத்தியோகம் பெற்றபின் புதுக் கொட்டில் கட்டி, கற்றவராதலின், சீமெந்திட்டுக் கண்ணாடிபோல் மெழுகுவித்தோம். சம்மாந்துறை வண்டிக்காரக் காக்கா ஒருவர் பார்த்துவிட்டு, "வாத்தியார், இது மாடு நிக்கவா, நீங்க படுக்கவா?" என்றார். சிரித்து விட்டுவிட்டோம். அம்மார்கழி மழையில் எமது சினைப்பசு இரவில் எழ முயன்று வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்து வீழ்ந்தது. மூன்றாம் நாள் வயிற்றுக் கன்றோடு மாண்டது. அன்னையார் ஒரு மாதம்வரை எம்மோடு முகங்கொடுத்துப் பேசவில்லை.

அதன் பின்னரே நூல்களைத் தேடினோம். மாட்டைப் பற்றித் தேடியவர்க்குக் குதிரையே கிடைத்தது. கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கிரேக்கராகிய செனபோன், ஈரமும் வழவழப்பும் உள்ள தரை நற்குளம்பையுங் கெடுக்குமென்கிறார்; சரிவாக அமைத்து, குளம்பளவான கற்களை நெருங்கப் பதிக்கச் சொல்கிறார். இலாயத்தின் வெளியே நான்கைந்து வண்டி உருண்டைக் கற்களைப் பரப்பி, குதிரையை அதன்மேல் நிறுத்தினாற் குளம்பு உரம் பெறுமாம். கௌடிலியரோ அருத்தசாத்திரத்திற் பலகைத் தளமும், சிறுநீரும் சாணமும் கழிய வழியும் விதிக்கிறார். கல்லோ பலகையோ, இருவரும் அஞ்சியது ஈரத்தையே. தேங்கிய சிறுநீரிலிருந்து எழும் அமோனியா குளம்போடு நில்லாது நுரையீரலையும் தாக்கும் என்பது இன்று தெளிவு. குதிரை நின்றபடியே உறங்குமென்பதும் அரை உண்மைதான். ஆழ்ந்த உறக்கத்திற்கு அது படுத்தேயாக வேண்டும். ஆதலின் அடியில் உறுதியும் மேலே மென்மையும் தேவை. இக்காலத்தார் இறப்பர் விரிப்பு இடுகின்றனர். விலைதான் ஆசிரியருக்கு எட்டாது.

எமது வயற்களி நீரை உறிஞ்சாது. ஆதலாற் சீமெந்தைப் பெயர்த்து, கிரவல் கொட்டி இடித்து, ஆறடிக்கு ஓரங்குலம் சரிவு வைத்து, கடைசியில் வாய்க்கால் வெட்டினோம். மேலே பரப்ப உமியை ஆலையிலிருந்து ஏற்றி வந்தவர் அதே காக்காதான். வண்டியை விட்டிறங்கிக் காலால் தரையைத் தேய்த்துப் பார்த்தார், ஒன்றுஞ் சொல்லவில்லை. உமிக்கூலி மட்டும் வாங்க மறுத்துவிட்டார்.

பெயர்த்த சீமெந்துப் பாளமொன்று கிணற்றடியிற் கிடக்கிறது. அன்னையார் அதிலே துணி துவைக்கிறார்.