வாவிக்கரைக் கிணறுகள்

கொழும்பிலிருந்து இரவுக் கோச்சியில் ஏறி, வாழைச்சேனை, ஏறாவூர் கடந்து, விடியும்போது மட்டக்களப்பில் இறங்கியிருக்கிறீர்களா? அங்கே தண்டவாளம் முடிகிறது. அப்புறம் 1924இல் திறக்கப்பட்ட பழைய கல்லடிப் பாலத்தையும், அதனருகே பின்னர் கட்டிய புதிய பாலத்தையும் பார்த்தபடி வாவியைக் கடந்தால் காத்தான்குடி. ஒருபுறம் வாவி, மறுபுறம் கடல், நடுவே மணல். அந்த மணலில்தான் என் ராத்தாவின் வீடும் கிணறும் இருக்கின்றன.

சென்ற விடுமுறையில் போனபோது ராத்தா தேநீர் தரவில்லை. சோடாப் போத்தல் ஒன்றை நீட்டினாள். "கிணத்துத் தண்ணி மண்ணெண்ணெய் மணக்குது தம்பி. இதுல வுழூ கூடுமா?" என்று கேட்டாள்.

வாளியை முகர்ந்து பார்த்தேன். உண்மைதான். நீர்மேல் வானவில் போல ஒரு மெல்லிய ஆடை. ஓதிப் படித்ததைச் சொன்னேன்: இந்த எண்ணெய் நஜீஸ் அல்ல. நீருடன் கரையாமல் பக்கத்தில் கிடக்கும் எண்ணெயால் வாடை மாறினாலும், நமது ஷாபிஈ மத்ஹபில் அந்த நீரின் சுத்தம் செய்யும் தன்மை போய்விடாது. வுழூ கூடும். ராத்தா விடவில்லை. "அப்ப பேரனுக்குக் குடிக்கக் குடுக்கலாமா?" என்றாள். தொழுகைக்கான பதில் வேறு, குழந்தையின் கோப்பைக்கான பதில் வேறு. உடலுக்குத் தீங்கு தருவதைக் கொடுக்க மார்க்கத்தில் இடமில்லை.

பின்வளவுக்கு அப்பால் ஒரு கராஜ். பல வருடங்களாகக் கழிவு எண்ணெயை மண்ணிலேயே ஊற்றியிருக்கிறார்கள். உரிமையாளர் நமக்குத் தூரத்து உறவு. அதனால்தான் ராத்தா வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

எஞ்சின் நின்று போகும் எந்த இடத்திலும் மண் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்பு மேலோடு நிற்பதில்லை. அமெரிக்காவின் சாக்ரமெண்டோ நகரில் 1860களில் தொடங்கிய ரயில் பணிமனை மூடப்பட்ட பிறகும் எண்ணெயும் ஈயமும் இரசாயனக் கரைசல்களும் மண்ணிலும் நிலத்தடி நீரிலும் கிடந்தன. அவற்றை அகற்றும் வேலை பல தசாப்தங்கள் நீடித்தது. அத்தகைய இடங்களில் பல குழாய்க் கிணறுகளைத் துளைத்து, நீர்மட்டத்தை அளந்து, நீர் எத்திசையில் ஓடுகிறதென்று முதலில் அறிகிறார்கள். பிறகு ஆழத்துக்கு ஆழம் மண்ணும் நீரும் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள்.

அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டிலேயே சுன்னாகம் இருக்கிறது. அங்கே மின் நிலையத்தின் எண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளில் கலந்தது. வாடையை முதலில் கண்டது அந்த வீட்டு மக்களே. வழக்கு நாட்டின் உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019 ஏப்ரலில், பாதிக்கப்பட்டோருக்கு மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபாய் செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பானது.

நம் மணல் நிலம் இன்னும் மென்மையானது. மழைநீர் சல்லடையில் போல இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கிறது. நாம் இறைப்பது அந்தப் படையைத்தான். 2004 டிசம்பர் 26 சுனாமியில் கடல் நம் கிணறுகளில் புகுந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். உப்பை வெளியேற்ற மோட்டார் போட்டு இறைக்க இறைக்க, சில இடங்களில் கீழிருந்த உப்புநீர் மேலெழுந்தது. மாரிமழைதான் மெல்ல மெல்லக் கழுவித் தந்தது. உப்பைக் கழுவும் மழை எண்ணெயை அவ்வளவு எளிதில் கழுவாது.

ராத்தாவும் நானும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போனோம். நீர் பரிசோதனைக்குப் போயிற்று. எண்ணெய் கலந்திருப்பதாகவே பதில் வந்தது. அந்தக் காகிதத்துடன் கராஜ் வீட்டுக்கு நடந்தோம். முதலில் கோபம், இரண்டு வாரம் பேச்சில்லை. பிறகு அவருடைய மனைவி தன் கிணற்று நீரையும் ஒரு போத்தலில் கொண்டுவந்து, "மச்சி, இதையும் முகர்ந்து பாருங்க" என்றார். இப்போது கராஜுக்குச் சீமெந்துத் தரை போட்டாயிற்று. கழிவு எண்ணெய் பீப்பாயில் சேர்கிறது. ஆனால் ராத்தாவின் கிணறு இன்னும் குடிக்கத் தகுதியாகவில்லை. குழாய்நீரைத்தான் பிடிக்கிறாள்.

சகோதரிகளே! வீட்டு நீரை முதலில் முகர்வதும் சுவைப்பதும் நீங்கள்தான். வாடை மாறினால் "என் மூக்குத்தான் பிழை" என்று விட்டுவிடாதீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும். எண்ணெய் போய்விடுமென்று நம்ப முடியாது. மலசலகூடக் குழியிலிருந்து வரும் நைத்திரேற்றோ கொதிக்கக் கொதிக்கச் செறிவாகும். பால்மா குடிக்கும் கைக்குழந்தைக்கு அது ஆபத்து. குழிக்கும் கிணற்றுக்கும் 50 அடியாவது இருக்கட்டும். நெருக்கமான ஊரில் அதற்கு இடமில்லையென்றால், குடிக்கக் குழாய்நீரையே எடுங்கள்.

அயலவர் மனம் நோகுமே என்று ராத்தா ஒரு வருடம் பொறுத்தாள். அந்த ஒரு வருடமும் அயலவரின் பிள்ளைகளும் அதே நீரைத்தான் குடித்தார்கள்.