பின்கட்டு முனி

ராத்திரி பத்து மணிக்கு மேல் பின்கட்டுக் கதவைத் திறக்கக் கூடாது என்பது ஆயா போட்ட சட்டம். வேப்பமரத்துக்கும் குளியலறைக்கும் நடுவில் முனி உட்கார்ந்திருக்கும். கதவு திறந்தால் உள்ளே வந்து படுத்துக்கொள்ளும். இதைச் சொல்லும்போது ஆயா குரலைத் தாழ்த்த மாட்டாள். ரேஷன் கடையில் சீமெண்ணெய் வந்திருக்கிறது என்பதுபோல் சாதாரணமாகச் சொல்வாள். அதுதான் எங்களை அதிகம் பயமுறுத்தியது.

1970களின் கடைசி. நெய்வேலி டவுன்ஷிப்பில் எங்களுடையது பழைய குவார்ட்டர்ஸ். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்த பிறகு ஊர் எழும்பிய நாட்களில் கட்டிய வீடுகளில் ஒன்று. தடித்த சுவர், கான்கிரீட் கூரை, உயரத்தில் வெண்டிலேட்டர். பின்பக்கம் அடுப்புக்கும் விறகுக்குமாக ஒரு தகரக் கொட்டகை. சுற்றிலும் முந்திரி, பலா, மா. அப்பாவுக்குச் சுரங்கத்தில் பெல்ட்டு வேலை. மண்ணையும் கரியையும் சுமந்து ஓடுகிற ரப்பர் பட்டையைத்தான் பெல்ட்டு என்போம். ஓடும்வரை யாரும் அதை நினைப்பதில்லை. நின்றால் வீடு தேடி ஆள் வரும்.

முனி பல குரலில் பேசும். முதல் குரல், இருட்டி ஒரு மணி நேரத்தில் வரும் "டொக்... டொக்." யாரோ கொட்டகையின் மேல் ஒற்றைக் காலால் நடப்பதுபோல் இருக்கும். எனக்கும் தம்பிக்கும் சாதம் தொண்டையில் நிற்கும். ஒருநாள் அப்பா எங்கள் இருவரையும் கையைப் பிடித்து இழுத்துப்போய்க் கொட்டகைக்குக் கீழே நிறுத்தினார். டார்ச்சை ஆணியின் மேல் அடித்துக் காட்டினார். "பகல்ல தகரம் வெயில்ல நீளும். ராத்திரி சுருங்கும். ஆணி விடாது. இழுத்துக்கிட்டே இருந்து சட்டுனு வழுக்குது, அதான் டொக்கு." ஆறு மீட்டர் இரும்பு இருபது டிகிரி குளிர்ந்தால் ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் சுருங்கும் என்று பின்னாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒன்றரை மில்லிமீட்டருக்கு அவ்வளவு பயம்.

அடுப்பும் அப்படித்தான். அந்தக் காலத்தில் நெய்வேலி வீடுகளில் லெக்கோ எரிப்போம். பழுப்பு நிலக்கரியைப் பொடித்து, அச்சில் அழுத்தி, சுட்டு எடுத்த கரிக்கட்டி. புகை குறைவு, கனல் நெடுநேரம் நிற்கும். எல்லோரும் படுத்த பிறகு அடுப்பு ஆறத் தொடங்கும். இரும்புக் கம்பித்தட்டு "டிக், டிக்" என்று தனியாகப் பேசிக்கொண்டிருக்கும். சித்திரை, வைகாசியில் தகரத்தின் மேல் முந்திரிப்பழம் விழும். பலா பழுக்கும் நாட்களில் மரநாய் வரும். அது கூரையில் ஓடும்போது பூனை ஓடுவதுபோல் இருக்காது, குட்டி ஆள் ஒருவன் செருப்போடு ஓடுவதுபோல் இருக்கும். அதைப் பார்த்தபின்பும் ஆயா ஒத்துக்கொள்ளவில்லை. "முனி எந்த ரூவத்துலயும் வரும்" என்றாள். இதற்கு மேல் விஞ்ஞானம் என்ன செய்ய முடியும்?

ஊளைக்கு மட்டும் அப்பா இரண்டு நாள் எடுத்துக்கொண்டார். விடியற்காலையில் குழாயில் தண்ணீர் வரும் முன், சுவருக்குள்ளிருந்து ஒரு நீண்ட ஊளை கிளம்பும். முதலில் தாழ்ந்து, பிறகு உயர்ந்து, கடைசியில் திக்கித் திக்கி நிற்கும். வெறுங்குழாயில் இருந்த காற்றைத் தண்ணீர் தள்ளிக்கொண்டு வருகிறது. அந்தக் காற்று வெளியே போகும் வழியில் தேய்ந்த வாஷர் ஒன்று துடிக்கிறது. அவ்வளவுதான். பழைய சைக்கிள் டியூபை வெட்டி வட்டமாக ஒரு வாஷர் செய்து போட்டார். ஊளை நின்றது. எனக்குக் கொஞ்சம் வருத்தம்கூட, பள்ளிக்கூடத்தில் சொல்லிப் பெருமைப்பட இருந்தது அது ஒன்றுதான்.

அப்புறம் அந்தக் குளிர்ந்த மூச்சு. கார்த்திகை, மார்கழியில் கூடத்தில் படுத்திருந்தால் கணுக்காலில் யாரோ ஊதுவார்கள். எல்லாக் கதவும் சாத்தியிருக்கும், ஆனாலும் சாமி விளக்கின் சுடர் ஒரு பக்கமாகச் சாயும். அப்பா ஒருநாள் ஊதுவத்தி கொளுத்தினார். "பரவாயில்ல, இப்பவாவது சாமி கும்புடத் தோணிச்சே" என்று ஆயா எழுந்து உட்கார்ந்தாள். அவரோ ஊதுவத்தியைத் தரையோடு பிடித்துக்கொண்டு, தவழும் குழந்தைபோல் கதவுக் கதவாகப் போனார். பின்கட்டுக் கதவின் அடியில் புகை சடாரென்று வீட்டுக்குள் வளைந்தது. எழுந்து வெண்டிலேட்டர் பக்கம் நீட்டினார், புகை வெளியே ஓடியது. பகலெல்லாம் சூடேறிய சுவர் ராத்திரியில் உள்ளிருக்கும் காற்றைச் சூடாக்குகிறது. அது மேலே ஏறி வெண்டிலேட்டர் வழியாகப் போகிறது. போன இடத்தை நிரப்ப வெளிக்குளிர் கதவடியில் நுழைகிறது. மழைக்காலத்தில் ஊதி, வெயிலில் வற்றி, ஆண்டுக்கணக்காக இப்படியே கிடந்த மரக்கதவு ஒரு விரல் இடைவெளி விட்டிருந்தது. கோணிச்சாக்கைச் சுருட்டி அடியில் வைத்தார். வாடைக்காற்றில் விசிலடித்த ஜன்னல் இடுக்கில் தினத்தந்தியை மடித்துச் செருகினார். முனி வெளியே போய்விட்டது.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு சத்தம். அது வீட்டுக்குள் இல்லை. பனி இறங்கும் ராத்திரிகளில் மட்டும், நள்ளிரவு தாண்டி, தூரத்தில் ஒரு முனகல். நடுவில் கிறீச்சென்று ஒரு இழுப்பு, பிறகு பொலபொலவென்று ஏதோ சரிவதுபோல. பகலில் எவ்வளவு காதைத் தீட்டினாலும் கேட்காது. இதற்கு ஆயா முனி என்று சொல்லவில்லை. "எங்க ஊரு அய்யனாரு" என்றாள். "இருந்த எடத்தத் தேடுறாரு."

ஆயா பிறந்த ஊர் இப்போது இல்லை. 1935இல் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ வந்த கதையை ஊரெல்லாம் சொல்வார்கள். அதற்குப் பிறகு நடந்தவற்றில் பல ஊர்கள் சுரங்கத்துக்குள் போயின. அதில் ஒன்று ஆயாவுடையது. அவள் அதைப் பற்றி அழுது நான் பார்த்ததில்லை. கிணற்றைப் பற்றி மட்டும் சொல்வாள், இனிப்புத் தண்ணீர் என்பாள்.

அந்தச் சத்தத்துக்கும் அப்பாவிடம் விளக்கம் இருந்தது. "அது பெல்ட்டும்மா. உருளை காஞ்சா கிறீச்சுங்கும். பகல்ல சத்தம் மேல போயிடுது, ராத்திரி பனி அமுக்கி இங்க தள்ளுது." பாதி சரி. அமுக்குவது பனி இல்லை என்று கல்லூரியில் படித்தேன். பகலில் தரையோரக் காற்று சூடு, மேலே குளிர்ச்சி. அதனால் ஒலி வானத்தைப் பார்த்து வளைந்துவிடும். தெளிந்த ராத்திரியில் தரை முதலில் குளிர்கிறது, சூடான காற்று மேலே தங்குகிறது. ஒரு டிகிரி கூடினால் ஒலிக்கு வினாடிக்கு 0.6 மீட்டர் வேகம் கூடும். எனவே மேலே போன ஒலி முந்திக்கொண்டு மறுபடி தரைக்குக் கவிழ்கிறது. சில கிலோமீட்டர் தள்ளி நடப்பது தலையணைக்கு வந்துவிடுகிறது.

ஆயா அன்றைக்கு எதிர்த்துப் பேசவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அந்தப் பொலபொலங்குறது?" என்றாள்.

"மேல்மண்ணக் கொட்டுறாங்க. கரிய எடுத்த குழிய மூடணும்ல?"

"எந்தக் குழி?"

அப்பா உடனே பதில் சொல்லவில்லை. கரிக்கு மேல் ஐம்பது மீட்டருக்கும் அதிகமாக மண் இருக்கும். அதை வெட்டிக் கரியை எடுத்தபின், பின்னால் விட்டுவந்த பள்ளத்தில் அந்த மண்ணையே கொட்டி நிரப்புவார்கள். வெட்டு நகர்ந்துகொண்டே போகும், நிரப்புவதும் பின்தொடரும். அந்த வருஷம் எங்கே நிரப்பிக்கொண்டிருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

"உங்க ஊரு பக்கந்தாம்மா" என்றார்.

"நான் சொன்னேன்ல" என்று ஆயா புரண்டு படுத்தாள்.

அதற்குப் பிறகு அந்தச் சத்தம் கேட்கும் ராத்திரிகளில் அவள் நன்றாகத் தூங்கினாள். கேட்காத ராத்திரிகளில்தான் எழுந்து உட்காருவாள்.

"ஏன்டா, பெல்ட்டு நின்னுபோச்சா?"

அப்பா ஏற்கெனவே இருட்டில் சட்டையைத் தேடிக்கொண்டிருப்பார்.