ராஜகோபுரத்தைக் கட்டி முடித்தவர்களுக்கு

1979 முதல் 1987 வரை ஸ்ரீரங்கம் தெற்கு வாசலில் சாரம் ஏறிய ஸ்தபதிகளுக்கும் கொத்தனார்களுக்கும் கல்தச்சர்களுக்கும், சாந்துச் சட்டி சுமந்த சித்தாள்களுக்கும் இந்தக் கடிதம்.

நீங்கள் வேலைக்கு வந்தபோது அங்கே இருந்தது ஒரு கோபுரத்தின் அடிப்பாகம் மட்டும்தான். விஜயநகரத்து அச்சுத தேவராயர் காலத்தில், அதாவது 1529க்கும் 1542க்கும் இடையில் எடுத்த வேலை அது என்பார்கள். ராஜா போனார், வேலையும் நின்றது. கருங்கல் வேலை முடிந்து, மேலே வெறும் ஆகாயம். ஊரார் அதை மொட்டைக் கோபுரம் என்றே சொல்லிப் பழகிவிட்டார்கள். மதுரையில் நாயக்கர்கள் ஆண்டு முடித்தார்கள். 1752இல் பிரெஞ்சுப் படை இந்தத் தீவில் சரணடைந்தது. ரயில் வந்தது, சுதந்திரம் வந்தது. மொட்டை மட்டும் மொட்டையாகவே இருந்தது. பெண் வீட்டில், ஆண்டாள் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூரில், 192 அடிக் கோபுரம் கம்பீரமாக நிற்க, மாப்பிள்ளை வீடான ஸ்ரீரங்கத்தின் தலைவாசலுக்குக் கோபுரம் இல்லை என்ற குறை எத்தனை தலைமுறையாக இருந்திருக்கும்!

அந்தக் குறையைத் தீர்த்தே ஆவது என்று முன்வந்தவர் அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர். அப்போதே அவர் எண்பதைத் தாண்டியவர். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு புரவலர் என்று பணம் சேர்ந்தது. இளையராஜா ஒரு நிலையின் செலவை ஏற்றுக்கொண்டார். இந்தப் பெயர்களை ஊர் அறியும், நன்றியும் சொல்லியிருக்கிறது. நான் எழுதுவது உங்களுக்கு.

உங்களுக்கு நான் முக்கியமாக நன்றி சொல்ல விரும்புவது ஒரு விஷயத்துக்காக. நீங்கள் அந்த அடித்தளத்தின் பேச்சைக் கேட்டீர்கள். கோபுரத்தில் அகலமும் உயரமும் ஒன்றையொன்று விடாது. கீழே கால் எவ்வளவு விரிகிறதோ அதற்குத் தக்கபடிதான் மேலே நிலைகள் ஏறும். ஒவ்வொரு நிலையும் தனக்குக் கீழே உள்ளதைவிடக் கொஞ்சம் ஒடுங்கும். இவ்வளவு பெரிய கல் அடித்தளத்தைப் போட்டுவிட்டுப் போனவர் மனத்தில் எவ்வளவு உயரம் இருந்திருக்கும் என்பது அந்தக் கல்லிலேயே எழுதியிருந்தது. நானூறு வருஷ மழையும் வெயிலும் தின்ற அடித்தளத்தின் மேல் ஐந்தோ ஏழோ நிலை வைத்துக் கலசத்தைப் பொருத்தியிருந்தால் யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். குடமுழுக்கும் நடந்திருக்கும். ஆனால் பெரிய மண்டபத்தின் மேல் சின்னக் குடை விரித்த மாதிரி அது என்றைக்கும் உறுத்தியிருக்கும். நீங்கள் 13 நிலை கட்டினீர்கள். 236 அடி.

அவ்வளவு உயரத்துக்குச் செங்கல்லை ஏற்றுவது எப்படிப்பட்ட வேலை என்று கீழே நிற்கிறவனுக்குத் தெரியாது. வாசல் நடுவே திறந்து கிடப்பதால் பாரம் முழுவதும் இரண்டு பக்கத்துக் கல் திரட்சிகளிலும் இறங்க வேண்டும். அதனால் உள்ளே முழுக்கக் கட்டாமல் கூடாக விட்டு, நிலைக்கு நிலை நடுவில் வாசல் திறந்து, காற்றும் வெளிச்சமும் போகவிட்டு ஏறினீர்கள். உச்சியில் வண்டிக்கூடு போல வளைந்த சாலை சிகரம். அதன் முதுகில் வரிசையாக 13 செப்புக் கலசங்கள். தரையிலிருந்து பார்த்தால் கைச்செம்பு அளவு தெரியும். ஒவ்வொன்றும் பத்து அடிக்கு மேல் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை. அதைச் சாரத்தில் நின்று கயிறு பிடித்து ஏற்றி நிறுத்திய கைகளை நினைத்தால் எனக்கு இன்றும் உள்ளங்கால் கூசுகிறது.

ஒருவர் தொடங்கியதை இன்னொருவர் முடித்தது என்றால் சென்னை அண்ணா சாலையின் எல்.ஐ.சி. கட்டடத்தையும் சொல்ல வேண்டும். பதினாலு மாடி என்று தமிழ்நாடே வாய்பிளந்த கட்டடம். யுனைடெட் இந்தியா காப்பீட்டு நிறுவனத்துக்காக அதைத் தொடங்கிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் இறந்துபோனார். 1956இல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானது. வரைபடம் போட்டுத் தொடங்கிய லண்டன் கட்டடக்கலைஞர்கள் பிரவுனும் மோலினும் பாதியில் விலக, எல்.எம். சித்தாலே வேலையை முடித்தார். 1959 ஆகஸ்டில் 177 அடி உயரத்தில் திறந்தார்கள். சுண்ணாம்பும் செங்கலுமாக இருந்த நகரத்தில் கான்கிரீட்டால் அத்தனை உயரம் போகலாம் என்று காட்டிய கட்டடம் அது. அங்கேயும் தொடங்கியவர் ஒருவர், முடித்தவர் வேறொருவர். ஆனால் சித்தாலேவுக்குக் கையில் வரைபடம் இருந்தது, கேட்டுக்கொள்ள ஆட்கள் உயிரோடு இருந்தார்கள். உங்களுக்கு அந்த வசதி இல்லை. யாரிடம் கேட்க வேண்டுமோ அவர் போய் நானூறு வருஷம் ஆகியிருந்தது. மதுரையில் திருமலை நாயக்கர் எடுத்த ராயகோபுரம் இன்றைக்கும் வெறும் அடித்தளத்தோடு நிற்பதைப் பார்க்கிறபோது, நீங்கள் செய்தது எவ்வளவு அரிய காரியம் என்று புரிகிறது.

வாசலுக்குள் நுழைந்தால் ஆட்டோவும் சைக்கிளும் உரசிக்கொண்டு போகும். கொஞ்சம் ஒதுங்கி நின்று நிமிர்ந்தால், கருங்கல் முடிந்து உங்கள் வேலை ஆரம்பிக்கும் இடம் தெரியும். கீழே ராயர் காலத்துச் சிற்பி செதுக்கிய அரைத்தூண்கள், சாம்பல் நிறத்தில், வண்ணம் ஏதும் இல்லாமல். அந்தக் கல்லின் விளிம்பு முடிகிற இடத்திலிருந்து சுதையும் வண்ணமும். இணைப்பை நீங்கள் மறைக்கவில்லை, அவருடைய வேலையை உங்களுடையது போல் பூசி மெழுகவும் இல்லை. ஆனாலும் கோடு பிசகவில்லை: கல்லில் எந்த இடத்தில் சுவர் முன்னே தள்ளி வருகிறதோ, அதே இடத்தில் மேலே சுதையும் முன்னே வருகிறது. எனக்கு அந்தக் கோபுரத்தில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

1987 மார்ச் 25ஆம் தேதி குடமுழுக்கு நடந்தது. காவிரிப் பாலத்தில் வருகிறவர்களுக்கும், உச்சிப்பிள்ளையார் கோவில் ஏறி வடக்கே பார்க்கிறவர்களுக்கும் அன்றிலிருந்து ஸ்ரீரங்கத்தின் முகமே வேறு. 2015இல் திருப்பணி நடந்தபோது மறுபடி சாரம் கட்டிப் புதிய கைகள் ஏறின. அந்தத் திருப்பணிக்கு 2017இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. சுதைக்கு ஆயுள் கொஞ்சம்தான். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை யாராவது ஏறித்தான் ஆக வேண்டும்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்களில் பலருக்கு இப்போது எழுபது, எண்பது வயது இருக்கும். எந்த நிலையில் வேலை பார்த்தீர்கள், செங்கல் எந்தச் சூளையிலிருந்து வந்தது, உச்சியில் காற்று அடித்தால் என்ன செய்வீர்கள், கூலி எவ்வளவு, மதியம் எங்கே உட்கார்ந்து சாப்பிட்டீர்கள் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி எழுதி வைக்கச் சொல்லுங்கள். ராயர் காலத்துக் கொத்தர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. நீங்களாவது எழுதி வையுங்கள்.


தெற்கு வாசல் வழியாகத் தினமும் போய்வரும்
ஸ்ரீரங்கத்துக்காரன்