வாப்பாவின் தொழில் என்ன?





கடந்த விடுமுறையில் எமது பாடசாலையில் தரம் 2 முதல் 4 வரையான 24 பிள்ளைகளுக்கு ஐந்து நாள் "செய்து பார்ப்போம்" முகாம் ஒன்றை நடத்தினோம். படங்களைப் பார்த்துப் பலர் துஆச் செய்தீர்கள். ஜஸாகுமுல்லாஹு ஹைரா. சிலர் நேரில் கண்டு கேட்டீர்கள்: "இதனால என்ன பிரயோசனம் சேர்? அஞ்சு நாள் ரியூசன் போச்சே." நியாயமான கேள்வி. அதற்குப் பதிலாகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் என்ன செய்தோம் என்று சொல்கிறோம். காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுப் பெட்டி எதுவும் இல்லை. ஈர்க்கு, சணல், சிரட்டை, கடைகளில் கேட்டெடுத்த காட்போட் பெட்டிகள், ஓடாவிமாரின் பட்டறையில் மிஞ்சிய பலகைத் துண்டுகள். நமது மருதமுனையில் கைத்தறி நூலுக்குப் பஞ்சமா? அதுவும் ஒரு பை நிறையக் கிடைத்தது.

முதல் நாள் வேலை ஒன்றுதான். இரண்டு கதிரைகளுக்கு நடுவே ஈர்க்குக் கட்டுகளால் பாலம் போட்டு, அதன் மேல் ஒரு தண்ணீர்ப் போத்தலை நிறுத்த வேண்டும். எல்லாக் குழுவும் சதுரம் சதுரமாகக் கட்டின. எல்லாப் பாலமும் ஒரு பக்கம் சாய்ந்து விழுந்தன. நாம் வாய் திறக்கவில்லை. ஆசிரியர்களுக்கு அதைவிடக் கஷ்டமான வேலை வேறில்லை. மூன்றாம் தடவை ஒரு பெண்பிள்ளை சதுரத்தின் மூலைக்கு மூலை குறுக்கே ஓர் ஈர்க்கை வைத்துக் கட்டினாள். சதுரம் இரண்டு முக்கோணமானது. பாலம் ஆடாமல் நின்றது. பத்து நிமிடத்தில் எல்லாக் குழுவிலும் குறுக்கு ஈர்க்கு வந்துவிட்டது. "பாத்துச் செய்றாங்க சேர்" என்று ஒருவன் முறைப்பாடு கொண்டு வந்தான். பரீட்சையில் அது குற்றம், கட்டட வேலையில் அதுதான் படிப்பு என்று சொல்லி அனுப்பினோம்.

இரண்டாம் நாள் தறியில் வேலை செய்யும் ஓர் உம்மா வந்தார். காட்போட் மட்டையின் இரு ஓரங்களிலும் சிறு வெட்டுகள் போட்டுப் பாவு கட்டி, ஊடையை மேலும் கீழுமாக ஓட்டக் காட்டினார். நூலை இறுக்கி இழுத்தவர்களின் துணி நடுவில் ஒடுங்கிப் போனது. இழுக்கும் அளவை வாயால் சொல்ல முடியாது, கைதான் பழக வேண்டும் என்றார். மூன்றாம் நாள் ஓர் ஓடாவி நானா வந்தார். ஆணியை விரலால் பிடிக்காமல் மட்டைத் துண்டில் குத்திப் பிடித்து அடிக்கப் பழக்கினார். "பொம்புளப் புள்ளையளும் அடிக்கணுமா?" என்று ஒரு வாப்பா கேட்டார். அன்று முதலில் ஆணியை வளைக்காமல் இறக்கியது அவருடைய மகள்தான், மாஷா அல்லாஹ்.

நான்காம் நாளைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறோம்.

அன்று ஒரு மாணவனின் வாப்பாவை அழைத்திருந்தோம். மேசன் வேலை செய்பவர். முதலில் மறுத்துவிட்டார். "நான் எட்டாம் வகுப்போட நிண்டவன் சேர். புள்ளையளுக்குப் படிச்சுக் குடுக்க எனக்கு என்ன தெரியும்?" என்றார். "நீங்க அத்திவாரத்துக்கு நூல் பிடிக்கிறதைக் காட்டினாப் போதும்" என்று கேட்டுக் கொண்டோம்.

அவர் வந்து முற்றத்தில் இரண்டு நூல்களை ஒரு கட்டையில் சேர்த்துக் கட்டினார். ஒரு நூலில் 3 அடியில் ஓர் அடையாளம், மற்றதில் 4 அடியில் ஓர் அடையாளம். இரண்டு அடையாளங்களுக்கும் நடுவே அளவு நாடாவைப் பிடித்து, சரியாக 5 அடி வரும்வரை ஒரு நூலை நகர்த்தச் சொன்னார். 5 வந்ததும், "இப்ப மூலை மட்டம். இதுல சுவர் எழுப்பினா வீடு கோணாது" என்றார். மேல் வகுப்புகளில் பைதகரஸ் தேற்றம் என்று நாம் கரும்பலகையில் நிறுவிக் காட்டும் அதே விடயம். அவர் வேலைக்குப் போகும் இடமெல்லாம் அதைச் செய்துகொண்டிருக்கிறார். பிறகு ஒரு தெளிவான பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, முற்றத்தின் இரு கோடியிலும் இரு முனைகளைப் பிடித்து, இரண்டு பக்கத் தண்ணீரும் ஒரே உயரத்தில் நிற்பதைக் காட்டினார். பிள்ளைகள் அளவு நாடாவோடு பாடசாலை முழுக்க ஓடினார்கள். எமது பழைய கட்டடம் ஒன்றின் மூலை 5 அடிக்கு மேல் ஓர் அங்குலம் காட்டியது. அதிபரிடம் போய் முறையிட்டும் விட்டார்கள். ஐந்தாம் நாள் முற்றத்தில் எழுந்த மூங்கில், கிடுகுக் குடிலின் நான்கு மூலைகளும் அவர்கள் மட்டம் பார்த்தவைதான்.

இப்போது ஒரு கசப்பான விடயம். மாணவர் விபரப் படிவத்தில் "தந்தையின் தொழில்" என்றொரு கட்டம் உண்டு. மேசன், ஓடாவி, நெசவு, மீன்பிடி என்று எழுத வேண்டிய பலர் அதில் "வியாபாரம்" என்று எழுதுகிறார்கள். சிலர் வெறுமையாக விடுகிறார்கள். கேட்டால் பிள்ளை தலையைக் குனிகிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கு இந்த வெட்கம் எங்கிருந்து வந்தது? "படிக்காட்டி மேசன் வேலைக்குத்தான் போகணும்" என்று வீட்டிலும் வகுப்பறையிலும் நாம் எல்லோரும் சொல்லிச் சொல்லி வளர்த்த வெட்கம் அது. நபி ஸக்கரிய்யா (அலை) தச்சுத் தொழில் செய்தார்கள், நபி தாவூத் (அலை) தம் கையால் உழைத்துச் சாப்பிட்டார்கள் என்று ஜும்ஆவில் கேட்கிறோம். வீட்டுக்கு வந்து பிள்ளையைச் சுத்தியல் காட்டிப் பயமுறுத்துகிறோம். 2004 சுனாமிக்குப் பின் இந்த ஊரின் வீடுகளை மீண்டும் எழுப்பிய கைகள் யாருடையவை?

இது நமது ஊரின் நோய் மட்டுமல்ல. 1930களில் கண்டிப் பக்கம் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் விவசாயத்தையும் கைப்பணியையும் ஏட்டுக் கல்வியோடு சேர்த்தது. 1972 கல்விச் சீர்திருத்தம் தொழில்முன்னிலைப் பாடங்களைக் கொண்டு வந்தது. 1977 ஆட்சி மாற்றத்தின் பின் அதுவும் கைவிடப்பட்டது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஏட்டுப் படிப்பை மறுக்கும் சூழ்ச்சி என்ற சந்தேகம் இப்படியான முயற்சிகளை எப்போதும் துரத்தியது. அந்தச் சந்தேகத்தில் நியாயமும் உண்டு. கையால் செய்வது ஏழைப் பிள்ளைக்கு மட்டும் என்று ஒதுக்கினால் அது அநியாயம்தான். அதனால்தான் நமது முகாமில் டொக்டரின் மகளும் மேசனின் மகனும் ஒரே நூலின் இரு முனைகளைப் பிடித்தார்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறோம். இந்த முகாமால் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையில் புள்ளி கூடும் என்று நாம் வாக்குத் தர மாட்டோம். அந்தப் பரீட்சை முக்கியம். கன்னங்கரா காலத்திலிருந்து எத்தனையோ வறிய பிள்ளைகளை நல்ல பாடசாலைகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த வழி அது. அதற்கு நாமும் உழைப்போம். ஆனால் விழுந்த பாலத்தை மூன்றாம் தடவையும் கட்டும் பொறுமைக்கு எந்தப் பரீட்சையும் புள்ளி போடாது. எழுதப் பின்தங்கிய ஒரு பிள்ளை அந்த ஐந்து நாளும் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பார்த்தோம். அதற்கும் புள்ளி இல்லை. அதனால் அவை இல்லை என்று ஆகிவிடுமா?

அடுத்த விடுமுறையிலும் இன்ஷா அல்லாஹ் நடத்துவோம். உங்களிடம் காசு கேட்கவில்லை. வீட்டில் சும்மா கிடக்கும் சுத்தியல், அளவு நாடா, மட்டப்பலகை இருந்தால் காரியாலயத்தில் கொடுங்கள். தொழில் தெரிந்த வாப்பாமார், உம்மாமார் ஒரு காலை நேரத்தை ஒதுக்கித் தாருங்கள். நாம் மாணவர்களாகப் பக்கத்தில் இருக்கிறோம்.

இன்னுமொன்று. புதிய ஆண்டுக்கான விபரப் படிவங்கள் வரும்போது அந்தக் கட்டத்தைப் பிள்ளையின் முன்னால் வைத்தே நிரப்புங்கள். மேசன் என்றால் மேசன் என்று, தெளிவான எழுத்தில்.